தராசுக்கு முத்திரை

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த அக்கா மகன், என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்கப் பேசினான். கணக்காளர் வேலை, நிறைய வாசிக்கிற பிள்ளை. "மாமா, கவர்மெண்டு ஒதுங்கிக்கிட்டாலே போதும். வெலையும் சம்பளமும் தானா ஒரு எடத்துல வந்து நிக்கும். கைய வெக்க வெக்கத்தான் நாசமாகுது" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. தேயிலை மலைகளுக்கு நடுவே ஹற்றனில் 19 வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறேன். வியாபாரத்தைக் கெட்ட தொழில் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தியது எந்தக் கம்பனியும் இல்லை, அரசாங்கம்தான். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் செடி சோர்ந்துவிட்டது. 30 கோடிக் கிலோவுக்குக் கிட்ட இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லை, பறிக்க வேண்டிய கிலோவைக் காட்ட முடியவில்லை, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. எந்த மாதம் எந்தத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தது என்பதை என் கடன் கொப்பியைப் பார்த்தே இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கு முன்னால் 1974. அரிசியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகக்கூடத் தடை இருந்த காலம். ரெண்டு கொத்து அரிசியைத் துணிக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்த கதையை அம்மா சாகும்வரை சொன்னார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. நட்டம் ஏறி ஏறி, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. ஆகவே அரசாங்கமே தேயிலைத் தோட்டம் நடத்தட்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் மருமகன் சொல்கிற அந்தக் கை வைக்காத சந்தை இந்த மலையில் என்றைக்கு இருந்தது? 1840இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காணி எல்லாம் முடிக்குரியது என்றார்கள். தொடக்கத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். கோப்பியைக் கொழும்புக்கு இறக்க 1867இல் கண்டிவரை ரயில் வந்தது, 1885இல் நானுஓயாவரை நீண்டது. அதுவும் அரசாங்கம் போட்ட பாதை. கூலிக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை என்றது 1865 ஆம் ஆண்டுச் சட்டம். போதாததற்குத் துண்டு முறை, அதாவது விடுப்புச் சீட்டு. ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தால்தான் துண்டு, துண்டு இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் பேர் பதிவார்கள். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். தன் உழைப்பை அதிக விலை கொடுக்கிறவரிடம் கொண்டுபோய் விற்பதுதானே சந்தை? எங்கள் பாட்டன்மாருக்கு அந்த வாசலைச் சட்டம் போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். பூட்டியதும் அரசாங்கம்தான். தோட்டக்காரருக்குத் தேவையான இடத்தில் எல்லாம் கை வைத்தது. கூலிக்காரனுக்குத் தேவைப்பட்டபோது மட்டும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றது.

எங்கள் பாட்டன்மார் ஏன் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தாது வருசப் பஞ்சம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் ரோட்டோரம் விழுந்து செத்த நேரத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. தானிய வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. இதில் என்னை உறங்கவிடாத ஆள் ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தார், சாவு மிகக் குறைவு. காசைக் கொட்டிவிட்டார் என்று மேலிடம் அவரைத் திட்டியது. மூன்று வருடம் கழித்துச் சென்னைக்கு வந்தபோது, நிவாரண வேலையில் மண் சுமக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று அவரே எழுதினார். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்த மனிதர். அந்த வருடங்களில் கப்பலேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தலையிடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதை எடுக்கிறவர்கள் பசித்திருப்பதில்லை.

இனி எனக்குத் தெரிந்த விசயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் பாடசாலை விட்டதும் அம்மாவைத் தேடிக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஓடுவேன். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழையே இல்லாத நாளிலும் தண்ணிக்குக் கழிவு உண்டு. முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்த ஒரு அக்காவை அடுத்த நாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அப்போது தோட்டம் அரசாங்கத்துக்குச் சொந்தம். பிறகு கம்பனிக்குப் போனது. கழிவு அப்படியே இருந்தது.

என் கடைத் தராசு அப்படி இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அளவை நிறுவை அதிகாரி வந்து, படிக்கல்லை வைத்துப் பார்த்து, முத்திரை பதித்துவிட்டுப் போவார். கட்டணம் கட்டுகிறேன். சீனி என்ன விலைக்கு விற்கலாம் என்று அவர் சொல்வதில்லை, கடையை எடுத்து நடத்துவதும் இல்லை. ஒரு கிலோ ஒரு கிலோவாக இருக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த முத்திரையை நம்பித்தான் முன்பின் தெரியாத ஆள்கூட என்னிடம் சாமான் வாங்குகிறான். மருமகனே, நான் கேட்கிற அரசாங்கம் இவ்வளவுதான்.

சம்பளத்திலும் இதையே பார்க்கிறேன். ஒரு பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் ஒன்றாக உட்காருகின்றன. முதலாளிமார் கூலியை ஏற்றாமல் இருக்க எப்போதும் தங்களுக்குள் கூடிக்கொள்வார்கள் என்று சொன்னவர் ஆடம் ஸ்மித், சந்தைக்காரர்கள் கும்பிடுகிற அதே ஆள். மறுபக்கம் உட்காருகிறவர் குடியிருக்கிற லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரை போகும் என்ற பயத்தோடு யார் பேரம் பேச முடியும்? 2021இல் சம்பள நிர்ணய சபை தலையிட்டுத்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வந்தது. 2024இல் 1,700 என்று அரசாங்க வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, அந்த வருடம் கடைசியில் 1,350இல் நின்றது.

இந்தப் பேரத்துக்கு உண்மையான மருந்து காணி என்று நினைக்கிறேன். இதில் மருமகனும் நானும் ஒரே கட்சி. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்கள் கொடுக்கிறார்கள். தன் காணி என்றால் மனிதன் எப்படிப் பாடுபடுவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலையைத் தவிர வேறு தெரியாத எங்கள் ஆட்களிடம் மட்டும் அந்தக் காணி இல்லை. 1948இல் ஒரு சட்டம் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வாக்கையும் கொண்டுபோனது. வாக்கில்லாதவனுக்கு அன்றைக்கு யார் உறுதி எழுதியிருப்பார்கள்? காணியைப் பறிக்க ஒரு சட்டம் போதுமாக இருந்தது என்றால், உறுதி எழுதிக் கொடுக்கவும் ஒரு சட்டம் போடலாம். வீட்டோடு சேர்த்து, தேயிலை நட்டுக்கொள்ள ஒரு துண்டு நிலம். அதற்குப் பிறகு கம்பனிக்கு வேலை செய்வதா, சொந்தக் கொழுந்தை விற்பதா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதுதான் நான் நம்புகிற சந்தை.

அன்று பின்னேரம் அக்காவும் கடைக்கு வந்தாள். இன்னும் மலைக்குப் போகிறவள். என் கடையிலிருந்து ஒரு சின்னக் கொக்கித் தராசைப் போன வாரம் எடுத்துப் போயிருந்தாள், அதைத் திருப்பித் தந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். மலையில் தூக்கிப் பார்த்தபோது 21 கிலோ, நிறுக்கிற இடத்தில் எழுதியது 18 என்றாள். மருமகன் போனை எடுத்தான். மூன்று கிலோ, மாதம் 24 நாள். 72 என்று வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவளிடம் கேட்டான்.

"அம்மா, அந்தத் தராசுல முத்திரை இருக்கா?"

"நாங்க கிட்டப் போயிப் பாத்ததில்லயேப்பா" என்றாள் அக்கா.