ஐந்தே நிமிடமாம், ஆளி விதை ஜெல்!

"ஐந்தே நிமிடத்தில் ஆளி விதை ஜெல்" என்று சொன்ன புண்ணியவதி யாராக இருந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அதை வடிகட்டிக் காட்டட்டும். வேறு எதுவும் வேண்டாம், வடிகட்டினால் போதும்.

சுருட்டை முடி கலையாமல் நிற்கத் தலையில் பூசும் இந்த ஜெல்லைக் காய்ச்சும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். கால் கப் விதை, இரண்டு கப் தண்ணீர், அடுப்பில் ஒரு கொதி. அடுத்த காட்சியில் கண்ணாடிக் குப்பி நிறையப் பளபளவென்று ஜெல். நடுவில் நடந்ததை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அந்த வெட்டிய இடத்தில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கிடக்கின்றன.

முதல் முறை, நன்றாகக் கெட்டியாகட்டுமே என்று கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கை சுடுமே என்று ஆறவும் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் விதையும் பசையும் ஒன்றாகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத ஒரு கட்டி. டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் அழுத்தினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு நூல் வருகிறது. மறுநாள் டீயில் இரண்டு விதைகள் மிதந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

வெல்லப்பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பிரித்து வைத்த ஊர் இது. இதற்கும் ஒரு பதம் உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் நுரைத்து, முட்டை வெள்ளைக்கரு போலக் கரண்டியிலிருந்து வழுக்கி இறங்கும். அப்போதே அணைத்து, சுடச்சுட வடிகட்டிவிட வேண்டும். விதைத் தோலிலிருந்து இறங்கும் கொழகொழப்புதானே இந்த ஜெல், ஆற ஆற இறுகத்தானே செய்யும்? இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? பின்னணி இசைக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை!

சரி, சூட்டோடு வடிகட்டலாம். வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்தால் விரல் வேகிறது, பக்கவாட்டில் பீறிட்டு அடுப்பு மேடையெல்லாம் வழுக்குகிறது. புது நைலான் காலுறை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சமையலறையில் காலுறையைப் பிழிந்துகொண்டு நிற்பவளை அம்மா பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கெடாமலிருக்க எதுவும் சேர்க்காத விதைக் கஞ்சி அது, ஐயா! குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாடை. இந்த லட்சணத்தில், முடி கிடுகிடுவென்று வளருமாம். வளராது. முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சுருளைக் கலையாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதையும் ஒழுங்காகப் பூசாவிட்டால் அந்தப் படலம் தூளாக உதிர்ந்துவிடும். பாதி காய்ந்த தலையில், வேறொரு கிரீமுக்கு மேல் பூசிக்கொண்டு போன அன்று கறுப்புச் சுடிதாரின் தோளெல்லாம் வெள்ளைத் தூள். "பொடுகா?" என்று அலுவலகத்தில் மூன்று பேர் கரிசனமாக விசாரித்தார்கள். செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் அரைத்துத் தேய்த்த பாட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கொழகொழப்பு அதிலும் உண்டு, ஆனால் அலசிவிட்டுத்தான் அடுத்த வேலை.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். சென்னையின் புழுக்கத்தில் பத்து மணிக்கே பறட்டையாகிவிடும் என் சுருட்டை முடி, சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது இதைப் பூசி, காய்ந்த பின் கையால் கசக்கிவிட்டால் சாயங்காலம் வரை சுருள் சுருளாக நிற்கிறது. கடையில் வாங்கிய எதுவும் இப்படி நிற்கவில்லை.

ஆகவே இந்த ஞாயிறும் காய்ச்ச வேண்டும். டீ வடிகட்டி புதிதாக வாங்கியாகிவிட்டது. அதை அம்மா எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.