பிரபுவின் ஜன்னலுக்கு இடைஞ்சலாக இருந்த ஊர்

இங்கிலாந்தில் டார்செட் பக்கம் மில்டன் அப்பாஸ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சரிவான ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக வீடுகள், முன்னால் புல்தரை. இந்தப் படம் முகநூலில் சுற்றும்போதெல்லாம் கீழே "சொர்க்கம்", "இங்கே போய் செட்டில் ஆகிடணும்" என்று எழுதுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிரபு ஒருவர் தன் குடிகளுக்குப் பெரிய மனதோடு கட்டிக்கொடுத்த ஊர் என்று யாராவது சேர்த்து எழுதினால்தான் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

நடந்தது இதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பத்தாம் நூற்றாண்டில் மன்னர் ஏதல்ஸ்தான் தொடங்கிய மடாலயத்தை ஒட்டி மிடில்டன் என்று சந்தை கூடும் ஊர் ஒன்று இருந்தது. நூற்றுக்கும் மேல் வீடுகள், கடைகள், மதுக்கடைகள், ஒரு பழைய பள்ளிக்கூடம், ஏழை முதியவர்களுக்கான விடுதி. மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, அவருடைய விவாகரத்து வேலைகளில் உதவிய வழக்கறிஞர் ட்ரெகன்வெல், 1540-ல் ஆயிரம் பவுண்டு கொடுத்து மடத்தை வாங்கினார். மடம் கைமாறியது, ஊர் அப்படியே இருந்தது.

1752-ல் அந்த எஸ்டேட்டை ஜோசப் டேமர் என்பவர் வாங்கினார், அடுத்த வருடமே மில்டன் பிரபு ஆனார். புது மாளிகை வேண்டும், சுற்றிலும் பூங்கா வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஊர் தெரிகிறது, சத்தம் கேட்கிறது. சரி, ஊரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்!

ஆள் விட்டு அடித்து விரட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் குத்தகை வீடுகள்; குத்தகை எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, முடிந்ததும் ஒவ்வொன்றாக இடித்தார், வருடக்கணக்கில். பள்ளிக்கூடத்தை நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டு 1785-ல் பிளான்ட்ஃபர்ட் என்ற வேறு ஊருக்கு அனுப்பினார்கள். 1674-ல் கட்டிய முதியோர் விடுதியைப் பிரித்துக் கொண்டுபோய், இடித்த ஊருக்குப் பதிலாகப் பிரபு கட்டிய புதுத் தெருவில், அதாவது இன்றைய மில்டன் அப்பாஸில், மறுபடி நிறுத்தினார்கள். மடாலயத் தேவாலயம் பிரபுவின் வீட்டுக் கோயில் மாதிரி ஆகிவிட, ஊர்க்காரர்களுக்கு 1786-ல் வேறு ஒன்று கட்டப்பட்டது.

ஹாரிசன் என்று ஒரு வழக்கறிஞர் மட்டும் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். குளத்து மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார் பிரபு. ஹாரிசன் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். சட்டம் தெரிந்தவர், தாக்குப்பிடித்தார். ரொட்டி சுட்டவனும் செருப்புத் தைத்தவனும் எந்த நீதிமன்றத்துக்குப் போயிருப்பான்?

பூங்காவை வடிவமைத்தவர் லான்சலாட் பிரவுன், இங்கிலாந்தின் பாதிப் பெரிய வீட்டுப் பூங்காக்களுக்குப் பின்னால் இருப்பவர். புதுத் தெருவிலும் அவருக்கும் மாளிகையைக் கட்டிய வில்லியம் சேம்பர்ஸுக்கும் பங்கு உண்டு. பிரவுனின் திறமையைக் குறை சொல்ல மாட்டேன், மேட்டையும் பள்ளத்தையும் மரக்கூட்டத்தையும் மனிதக் கை படாதது போலக் காட்டுவதில் மன்னன். ஆனால் மாளிகைக்கு எதிரே 'இயற்கையாக' விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளிதான் இடித்துத் தள்ளிய ஊரின் தரை. (சேம்பர்ஸே இந்தப் பிரபு யாரையும் மரியாதையாக நடத்துவதில்லை என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.)

"பழைய ஊர் அழுக்கு, புது வீடு கிடைத்ததே" என்பார்கள். கணக்குப் பாருங்கள். இடிந்தது நூற்றுக்கும் மேல், கட்டியது 36. வெளியே பார்த்தால் தனி வீடு. உள்ளே நடுவில் ஒரே வாசல், ஆளுக்குப் பாதியாக இரண்டு குடும்பம். நீங்கள் சொர்க்கம் என்று ஷேர் செய்வது இந்த ஏற்பாட்டின் முகப்பை.

பிரபுவின் மூத்த மகன் ஜான், கடன் கழுத்தை நெரித்து, 1776-ல் லண்டன் விடுதி ஒன்றில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1808-ல் இன்னொரு மகனும் வாரிசில்லாமல் போக, பட்டம் அதோடு முடிந்தது. 1852-ல் ஹாம்ப்ரோ என்ற வங்கிக் குடும்பம் எஸ்டேட்டை வாங்கியது. பள்ளிக்கூடத்தை விரட்டிய அந்த மாளிகையில் 1954-ல் ஒரு பள்ளிக்கூடமே வந்து உட்கார்ந்தது, அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்.