பொன்வண்டை ஒரு வரியில முடிச்சிட்டீங்களே சார்

முசுறு எறும்புதான் மரத்துப் பூச்சியில பெரிய கெட்டிக்காரன், பொன்வண்டுக்கு அழகு மட்டும்தான்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, பாதி ஏத்துக்குறேன். எங்க ஊரு உச்சிப்புளி பக்கம், மாமரத்துல முசுறு கூடு கட்டுறத உக்காந்து பாத்திருக்கேன், ஒண்ணு இடுப்ப இன்னொண்ணு கவ்விச் சங்கிலியா நின்னு இலைய இழுக்கும், அப்புறம் வேற ஒண்ணு தங்க கூட்டத்துக் குஞ்சுப் புழுவை வாயில கவ்விட்டு வந்து தறியில நாடா போடுற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் தொட்டுத் தொட்டு அதோட பட்டு நூலால ஒட்டும். அந்த நூலை வீட்டுக்கே குடுத்துர்றதால அந்தப் புழு தனக்குன்னு கூடு கட்டிக்கிறதில்ல, பாவம். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது, கடிச்சு அந்தக் காயத்துல ஆசிட்ட அடிக்கும், மாங்கா பறிக்க ஏறி சட்டையக் கழட்டி எறிஞ்சிட்டு எறங்குனவன் நான்.

ஆனா பொன்வண்டு தனி ஆளு சார், காவலுக்குப் படை இல்ல. புழுவா மண்ணுக்குள்ள வேரைத் தின்னு கெடந்துட்டு மழை பெஞ்சதும் உடைமரத்துல வந்து உக்காரும், தொட்டா காலை மடக்கிட்டு செத்த மாதிரி பொத்துன்னு விழும். தீப்பெட்டியில வேல இலை போட்டு வளத்தவனுக்குத் தெரியும் இந்த நடிப்பு. அந்த மினுமினுப்பும் சும்மா இல்ல, 2020ல இங்கிலாந்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இதோட உறவுக்கார வண்டு இறக்கை உறைய இலைமேல ஒட்டி வச்சுப் பாத்தாங்க, ஊதா நீலம் பூசுன போலிய விட மினுங்குனது பறவை கிட்ட கம்மியா மாட்டுச்சு, தேடுன மனுசங்களுக்கும் லேசுல கண்ல படல. இத எழுதாம விட்டுட்டீங்க.