மீதி 36 பேர் எங்கே?

இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. 2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊத்தங்கரையில் ஒரு டீக்கடை. டிவியில் இலங்கை அதிபர் தேர்தல். "இரண்டாம் சுற்று வாக்கு எண்ணிக்கை" என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் எத்தனை சுற்று பாக்கி?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்கிறார். அவர்மேல் தவறே இல்லை. நமக்குச் சுற்று என்றால் 14 மேசை போட்டு இயந்திரங்களைத் திறந்து எண்ணுவது. அங்கே நடந்தது அதுவா?

இல்லை. அங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் மூன்று பேர் வரை குறிக்கலாம். முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. இந்த இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மீதி 36 பேரையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அந்த 36 பேருக்கு விழுந்த சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அடுத்த விருப்பமாக இந்த இருவரில் யாரையாவது குறித்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். அந்நாட்டு அதிபர் தேர்தலில் இப்படி நடப்பது இதுதான் முதல் முறை. அன்று மாலை எண்ணப்பட்டது முழுக்கத் தோற்றவர்களின் சீட்டு! அவர்களைப் பற்றித்தான் நம் செய்திகளில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை பத்திரிகை வாங்கினேன். மூன்று படம், மூன்று பெயர், பிறகு "உள்ளிட்டோர்". எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார். அவருடைய அப்பா இலங்கை மலையகத்தில், நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் சுண்ணாம்பு அப்பிய விரலை லுங்கியில் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கினார். முதல் பக்கம், உள்பக்கம், மறுபடி முதல் பக்கம். "எங்கள் மலையகத்திலிருந்து திலகராஜ் நின்றாரே தம்பி, அவருக்கு எத்தனை வாக்கு?" என்றார். நான் என்ன பதில் சொல்வேன்?

தமிழ்க் கட்சிகளும் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்கு வாங்கி ஐந்தாம் இடத்துக்கு வந்திருக்கிறார். தமிழ்ப் பத்திரிகையில் அதற்கும் இடமில்லை.

இதைச் சொன்னால், "ஜெயிக்காதவன் பெயர் எதற்கு? அவனுக்குப் போட்ட ஓட்டு வீண்தானே?" என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் குறிக்கும் முறையில், சின்ன வேட்பாளருக்கு முதல் விருப்பத்தைக் கொடுத்தவர் தன் ஓட்டைத் தூக்கி எறியவில்லை. தன் மனதில் இருப்பவரையும் சொல்கிறார், அவர் இல்லையென்றால் யார் என்பதையும் சொல்கிறார். நம் குடியரசுத் தலைவரையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம், ஊத்தங்கரை எம்.எல்.ஏ.வும் அந்தத் தேர்தலில் 1, 2 என்றுதான் எழுதுகிறார். 1969-ல் வி.வி. கிரி முதல் விருப்ப வாக்கில் பாதியைத் தாண்டவில்லை. சி.டி. தேஷ்முக் உள்ளிட்ட மற்றவர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களையும் எண்ணித்தான் நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடம் இது. செய்தி எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா?

இலங்கையில் இந்த முறை களமிறங்கியவர்கள் 39 பேர். ஒருவர் இடையில் இறந்துபோனார். அவர் பெயரும் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது. இறந்தவரின் பெயரையே எடுக்காமல் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு நின்றவர்களின் பெயரைப் போட நம் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. அதே பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் அரைப் பக்கம்.

38 பெயர், பக்கத்தில் 38 எண். பொடி எழுத்தில் போட்டால் ஒரு பத்தி போதும். அந்த அண்ணன் நாளையும் வேலைக்கு வருவார், நாளையும் கேட்பார்.