சிக்கிய காலிப்பருக்கு டீசலும் கிரீஸும் வேண்டாம்

பழைய பைக்கின் டிஸ்க் பிரேக் காலிப்பரில் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) பிஸ்டன் இறுகிவிட்டால் டீசலில் ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றால் தள்ளி, சீலில் சாதாரண கிரீஸ் தடவி மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. பிஸ்டன் வெளியே வரலாம், பிரேக் தேறாது.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவத்துக்கான சீல்கள் பொதுவாக ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். டீசல், சாதாரண கிரீஸ் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிவிடும். லிவரை விட்டதும் பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுப்பது அந்தச் சதுர வெட்டுச் சீல்தான். அது ஊதினால் பிஸ்டன் திரும்ப வராது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். மாட்டும்போது புது பிரேக் திரவமோ ரப்பருக்கான சிவப்பு கிரீஸோ போதும்.

பிஸ்டனை வெளியே தள்ள, காற்றைவிட பைக்கின் மாஸ்டர் சிலிண்டரே (லிவரை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் பாகம்) நல்லது. லிவரை அழுத்தினால் வரும் அழுத்தம் கம்ப்ரசரை விடப் பல மடங்கு. பிஸ்டன் விடுபட்டதும் திரவ அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்றோ பிஸ்டனைத் தோட்டா மாதிரி எறியும், விரல் பத்திரம்!

அப்புறம், பெரும்பாலும் விட்டுப்போவது சீல் உட்காரும் பள்ளம். அங்கே படிந்த வெள்ளைப் பொருக்கு சீலைப் பிதுக்கிப் பிஸ்டனை இறுக்கும். அதைச் சுரண்டாமல் புது சீல் போட்டால் மறுபடி சிக்கும். பிஸ்டனில் சீல் ஓடும் இடத்தில் குரோம் பூச்சு குழிந்திருந்தால் எமரித்தாள் தேய்ப்பு உதவாது, பிஸ்டனையே மாற்றுங்கள்.