ஜிம்மில் இருக்கும் அந்தத் துடுப்பு மெஷினின் கதை

படகுப் போட்டி வீரர்கள் பிறகு அறிவியலிலும் தொழிலிலும் சாதித்ததைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், அருமை. டிக் டிரைசிகேக்கர் பெயர் அதில் இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் துடுப்புப் போட்டவர் அவர். படிப்பு பொறியியல். சகோதரர் பீட்டோடு சேர்ந்து 1976-இல் கார்பன் ஃபைபர் துடுப்பு செய்து விற்க ஆரம்பித்தார். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பழைய பால் பண்ணைதான் பட்டறை. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும், படகை இறக்க முடியாது. ஒரு சைக்கிளைத் தரையில் பொருத்தி, சங்கிலியைக் கையால் இழுத்துப் பயிற்சி செய்து பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான், உட்கார்ந்து கைப்பிடியை இழுக்கும் துடுப்பு மெஷின்; 1981-இல் அவர்களுடைய கான்செப்ட்2 நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க வீரர்களைத் தேர்வு செய்ய 2,000 மீட்டர் ஓட்டிப் பார்ப்பது இதில்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கணக்கு. கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஒரு சக்கரம் காற்றை எதிர்த்துச் சுழலும். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் அதன் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை மெஷினின் மானிட்டர் அளந்து, காற்றின் தடையைக் கண்டுபிடித்துவிடும். அதனால் காற்று மெலிந்த மலைமேல் இருக்கும் மெஷினையும் கடலோரத்தில் இருக்கும் மெஷினையும் நியாயமாக ஒப்பிடலாம். சக்கரத்துக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டு நெம்புகோலை உச்ச அளவான 10-இல் வைத்தால்தான் நல்ல பயிற்சி என்று நானும் பல மாதம் நம்பி முதுகு வலியோடு திரிந்தேன். அது சைக்கிள் கியர் மாதிரிதான்: இழுப்பு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை மாற்றும், அவ்வளவே. இப்போது 4-இல் வைக்கிறேன், அதே தூரத்தை முடிக்கும் நேரமும் குறைந்திருக்கிறது.

தண்ணீரில் படும் தட்டைப் பகுதி கோடரி போல இருக்கும் துடுப்பை 1991-இல் கொண்டுவந்ததும் இந்தச் சகோதரர்கள்தான். சரி, அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.