சவுண்டு வேணாம், விவரம் வேணும்

மோட்டார்சைக்கிளுக்கு எக்ஸாஸ்ட், அதான் புகைக் குழாய், மாத்தணும்னு சிங்கப்பூர்ல உபி, காக்கி புக்கிட் பக்கம் கடை கடையா ஏறி இறங்கினவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு புரியும். உள்ள போய் வண்டி பேரைச் சொன்ன உடனே வர்ற முதல் கேள்வி: "எந்த மாதிரி சவுண்டு வேணும்ணே?" வண்டியை எதுக்கு ஓட்டுறீங்க, தினமும் வேலைக்கா, வாரக் கடைசியில மலேசியாவுக்கா, எந்த ஆர்பிஎம்-ல, அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துறப்ப, இழுவை பத்தல, இப்படி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சுவத்துல தொங்குறதுல ஒண்ணை இறக்கி, நிக்கிற வண்டியில மாட்டி, த்ராட்டிலை முறுக்கிக் காட்டுவாங்க. கடையே அதிரும். முடிஞ்சது விளக்கம். செருப்புக் கடையில கூட முதல்ல கால் அளவைக் கேக்குறாங்கய்யா!

அந்தச் சத்தத்துக்கும் பவருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நான் கேட்டேன். "இதைப் போட்டா எவ்வளவு கூடும்?" "அஞ்சு குதிரை கூடும்ணே." 155 சிசி வண்டிண்ணா அது. கம்பெனியில இருந்து வரும்போதே ஏறக்குறைய 19 குதிரைத்திறன்தான். பின்னாடி சைலன்சரை மட்டும் கழட்டி வேற ஒண்ணைச் சொருகினா அஞ்சு எங்க இருந்து வரும்? டைனோவுல, அதாவது பவர் அளக்குற மெஷின்ல, வண்டியை ஏத்தி எடுத்த தாள் இருக்கான்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்குண்ணே, ஓட்டிப் பாத்தா தெரியும்." ஓட்டிப் பாத்தா தெரியுறது காது. சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி உடம்புக்குத் தோணும். அதை வெச்சுத்தான் இந்த வியாபாரமே நடக்குது.

எஞ்சினுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு பத்து நிமிஷம் எடுத்துச் சொல்ல ஒருத்தருக்கும் மனசில்லை. சிலிண்டர்ல இருந்து புகை வெளிய வரும்போது அழுத்த அலை ஒண்ணு பைப்புல ஓடும். பைப் விரியுற இடத்துல அது திரும்பி வரும். சரியான நேரத்துல திரும்பினா மிச்சப் புகையை உறிஞ்சிட்டுப் போய், புதுக் காத்து உள்ள வர வழி விடும். எந்த ஆர்பிஎம்-ல அது சரியா அமையும்னு முடிவு பண்றது முன்பக்கக் குழாயோட நீளமும் விட்டமும். பின்னாடி தொங்குற டப்பா அதுல செய்யுறது ரொம்பக் கொஞ்சம். அதனால சைலன்சரை மட்டும் மாத்தினா பெரும்பாலும் கிடைக்கிறது எடைக் குறைவு. அது நல்ல விஷயம், நானே காசு குடுப்பேன். அப்ப அதைச் சொல்லி வில்லுங்க! "அண்ணே, ரெண்டு கிலோ குறையும், பவர் பெருசா கூடாது"ன்னு உண்மையைச் சொல்ற கடைக்கு நான் ஆயுசுக்கும் போவேன்.

முன்பக்கக் குழாயையும் சேத்து முழு செட்டா மாத்தினா வேற கதை. காத்து நிறைய போகும், அப்ப பெட்ரோலும் நிறைய போகணும். பெட்ரோல் முழுசா எரிய, எடைக் கணக்குல, 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்குன்னு கணக்கு. சீரான வேகத்துல போறப்ப புகையில இருக்குற ஆக்சிஜன் சென்சரைப் பாத்துப் பாத்து ஈசியு, அதாவது எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், சரி பண்ணிக்கும். முழு த்ராட்டில் குடுக்கும்போது அது சென்சரைக் கேக்காது, கம்பெனி எழுதி வெச்ச அட்டவணைப்படிதான் ஊத்தும். அந்த அட்டவணை பழைய பைப்புக்கு எழுதினது. காத்துக்கு ஏத்த பெட்ரோல் வராம கலவை மெலிஞ்சு எஞ்சின் சூடேறும். 32 டிகிரி வெயில்ல, பிஐஇ விரைவுச்சாலை நெரிசல்ல ஊர்ந்து போற ஊர்ல இதைச் சொல்லாம பைப்பை மட்டும் வித்து அனுப்புறது அநியாயம். "அந்த அட்டவணையை மாத்தி எழுதுற ரீமேப் வேணுமா?" "வேணாம்ணே, அதுவா பழகிக்கும்." எப்படிப் பழகும்?

ஸ்கூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். கியர் மாத்தாம பெல்ட்டுல ஓடுற சிவிடி வண்டியில எஞ்சின் எந்த ஆர்பிஎம்-ல நிக்கணும்னு தீர்மானிக்கிறது உள்ள இருக்குற ரோலரோட எடை. பைப் மாறினா பவர் உச்சம் வேற ஆர்பிஎம்-க்குப் போயிடும், ரோலரும் மாறணும். பனிமலையில ஸ்னோமொபைல்ங்கிற பனிவண்டி ஓட்டுறவங்க இதை மனப்பாடமா வெச்சிருக்காங்க. அதுவும் பெல்ட் போட்ட சிவிடி வண்டிதான். பைப்பைத் தொட்டா, ரோலர் வேலையைச் செய்யுற கிளட்ச் வெயிட்டையும் தொடணும்னு அங்க சாதாரணமா பேசிக்கிறாங்க. இங்க ரோலரைப் பத்தி வாய் திறந்த ஒரு கடைக்காரரை நான் பாக்கலை.

ஸ்னோமொபைல்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த வண்டி வீடியோக்களைக் காட்டியே இப்ப டர்போ, அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற கருவி, வைக்கிற ஆசையையும் பசங்க தலையில ஏத்துறாங்க. அங்க டர்போ வைக்க நியாயமான காரணம் இருக்கு. 3,000 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 70 சதவீதம்தான். சாதாரண எஞ்சின் அங்க மூச்சு முட்டும். ஸ்கீ-டூங்கிற ஸ்னோமொபைல் பிராண்டு 2020 மாடல்ல தொழிற்சாலையிலயே டர்போ வெச்ச ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டு வந்தது அதுக்குத்தான்: 8,000 அடி வரைக்கும் ஏறினாலும் 165 குதிரைத்திறன் குறையாம நிக்கணும். மலையில இழந்ததைத் திருப்பிக் குடுக்குற கருவி அது. நம்ம ஊர்ல ஆக உயரமான இடம் புக்கிட் தீமா, 164 மீட்டர் கூட முழுசா இல்ல. இங்க எஞ்சின் எதையும் இழக்கல. விரைவுச்சாலையில உச்ச வேகம் மணிக்கு 90. இந்த ஊர்ல 2பி லைசென்ஸ்ல ஓட்டுற சின்ன வண்டிக்கு டர்போ கிட்னு ஒரு இருபது வயசுப் பையன்கிட்ட ஆசை காட்டுறவங்களுக்கு அவன் உயிர் மேலயும் அக்கறை இல்ல, அவன் காசு மேலயும் அக்கறை இல்ல.

காசுன்னா சும்மா காசா? மோட்டார்சைக்கிள் சிஓஇ, அதாவது வண்டி வெச்சுக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ், 2022-ல 10,000 வெள்ளியைத் தாண்டினதைப் பாத்தோம். அப்ப சின்ன வண்டியோட விலையை விட உரிமைச் சான்றிதழ் விலை கூட. பத்து வருஷத்துக்கு அந்த வண்டியைப் பத்திரமா வெச்சுக்கணும். தேசிய சேவை முடிச்சு வந்து, உணவு டெலிவரி ஓட்டிச் சேத்த காசுல வண்டி எடுத்த பசங்க அவங்க. அவங்ககிட்ட சட்டத்தைப் பத்தியும் பொய் சொல்றாங்க. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம், இல்ல மூணு மாசம் வரை சிறை. மறுபடி மாட்டினா ரெட்டிப்பு. கடையில இதைக் கேட்டா "ஈ-மார்க் இருக்குண்ணே, ஒண்ணும் ஆகாது." வட்டத்துக்குள்ள ஒரு ஈ எழுத்து. அந்த ஐரோப்பிய அங்கீகாரம் குறிப்பிட்ட வண்டி மாடலுக்குக் குடுக்கறது. வேற வண்டிக்கு வாங்கின முத்திரை என் வண்டிக்கு எப்படிச் செல்லும்? அதோட, உள்ள இருக்குற சத்தம் குறைக்கிற குழாயைப் பிடுங்கிட்டா அந்த முத்திரைக்கு அர்த்தமே கிடையாது. பிடுங்கிக் குடுக்கறதும் அதே கடைதான், "ஒரு ஸ்குரூதாண்ணே"ன்னு சொல்லி. போதாக்குறைக்கு அக்ராபோவிச், யோஷிமுரான்னு பெரிய எக்ஸாஸ்ட் கம்பெனி பேர் பொறிச்ச போலிகள் வேற, ஒரிஜினல் பக்கத்துலயே தொங்குது.

எனக்கு ரத்தம் கொதிச்சது எங்கன்னா, கடைசியா ஒரு கடையில, நிலப் போக்குவரத்து ஆணையம் ஒத்துக்கிட்டதுக்குத் தாள் இருக்கான்னு நேராவே கேட்டேன். கல்லாவுல இருந்தவர் சொன்னார்: "பழைய பைப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு அதை மாட்டிட்டுப் போங்க, வந்ததும் இதை மாட்டிக்கலாம். மாத்தித் தர்றதுக்கு நம்மகிட்டயே வாங்க." மூணு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் சோதனை. அந்த ஒரு நாளுக்கு ஒரு பைப், மிச்ச நாளுக்கு இன்னொண்ணு. இதை வெக்கமே இல்லாம சேவையா விக்கிறாங்க. ரோட்டுல நிறுத்திப் பிடிச்சா நிக்கப்போறது யாரு, அவரா?

இதுல அடி வாங்குறது ஓட்டுறவங்க மட்டும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க புளோக் கார்ப்பேட்டையில ஒரு வண்டி கிளம்பினா பத்தாவது மாடி வரை ஜன்னல் அதிருது. பத்து டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம். சுத்தி நாலு பக்கமும் கான்கிரீட், சத்தம் மோதி மோதி மேல ஏறும். எதிர் வீட்டு அக்கா மருத்துவமனையில ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கறவங்க. லிஃப்டுல என்னைப் பாத்தா "நீயும் மோட்டார்சைக்கிள்தானே தம்பி"ன்னு கேக்குறாங்க. என் வண்டியில இன்னும் கம்பெனி பைப்தான் இருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு நான் தலை குனியுறேன், ஏன்னா இந்த ஊர்ல மோட்டார்சைக்கிள்னாலே சத்தம்னு ஆக்கி வெச்சிருக்காங்க.

முன்னாடி இப்படி இல்ல. எங்க மாமா காலத்து ரெண்டு ஸ்ட்ரோக் ஆளுங்க, ஆர்எக்ஸ்இசட், என்எஸ்ஆர் ஓட்டினவங்க, பைப் மாத்தினா பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற கார்புரேட்டர் ஜெட்டையும் மாத்துவாங்க, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நிறம் பாப்பாங்க. கலவை மெலிஞ்சா சூட்டுல பிஸ்டன் சிலிண்டரோட பிடிச்சுக்கும்னு அவங்களுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயம்தான் அவங்களைக் கத்துக்க வெச்சது. 1 ஜூலை 2003-க்கு முன்னாடி பதிவான வண்டிகள், விண்டேஜ், கிளாசிக் திட்டத்துல இருக்கறதைத் தவிர, 30 ஜூன் 2028-க்கு அப்புறம் ரோட்டுல ஓட முடியாது. வண்டியோட சேந்து அந்த அறிவும் போயிடக்கூடாதுன்னுதான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவுல, ஜொகூர் பாருவுல, மலிவா மாட்டிக்கலாமேன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. அங்க மாட்டினாலும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி இங்கதான் ஓட்டணும்.

நான் கேக்குறது நாலே விஷயம். என் வண்டி மாடல் பேர் போட்ட ஒப்புதல் தாள். பழைய பைப்புக்கும் புதுசுக்கும் ஒரே வண்டியில எடுத்த டைனோ கோடு. எடை எவ்வளவு குறையுதுன்னு தராசுல வெச்சுக் காட்டணும். ரீமேப்போ ரோலரோ வேணும்னா அதையும் சேத்து மொத்த விலை. இந்த நாலையும் மேசையில வைக்கிற கடை சிங்கப்பூர்ல எங்கயாவது இருந்தா சொல்லுங்க. துவாஸ் கோடியில இருந்தாலும் காசோட வர்றேன். த்ராட்டிலை மட்டும் யாரும் முறுக்கிக் காட்ட வேணாம்.